அடுத்தடுத்துப் பழுதான ஆல்டர்னேட்டர்: காரணம் கண்டுபிடித்த கதையும் அதன்பின் மூன்று ஆண்டுகளும்

எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உற்பத்தி செய்து பேட்டரியைச் சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர். என் காரின் முதல் ஆல்டர்னேட்டர் 1,18,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு பழுதானபோது எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. கழற்றிப் பார்த்ததில், அதன் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் தேய்ந்து கட்டையாகியிருந்தன. அவை தேய்வதற்கென்றே அமைந்தவை. அதற்குப் பதிலாகப் பொருத்திய ரீகண்டிஷன் ஆல்டர்னேட்டர் ஏழே மாதத்தில் போனபோதும், "ரீகண்டிஷன் என்றால் அப்படித்தான்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். ஆனால், அதை நம்பிப் புத்தம் புதிதாக வாங்கிப் போட்ட மூன்றாவதும் ஐந்து மாதத்தில் கைவிட்டபோது, பொருளின் தரத்தைக் குறை சொல்லித் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று.

இரண்டாவதும் மூன்றாவதும் பழுதானதற்கு முன் வந்த அறிகுறிகள் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. முதலில் ரேடியோவில் மெல்லிய ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். சில நாள்களில், மாலை வரை நன்றாக ஓடிய வண்டி மறுநாள் காலை செல்ஃப் எடுக்க மறுத்தது. டாஷ்போர்டில் பேட்டரி விளக்கோ கடைசி வரை எரியவே இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்த்த ஆட்டோ எலக்ட்ரீஷியன், இரண்டிலும் டயோடுதான் போயிருக்கிறது என்றார். ஆல்டர்னேட்டரில் உற்பத்தியாவது ஏசி மின்சாரம்; அதை டிசியாக மாற்றித் தருவது இந்த டயோடுகளின் வேலை. ஒன்று பழுதானாலும் ஏசியின் அலை வெளியே கசிந்து ரேடியோவில் ஊளையாகக் கேட்கும். எஞ்சின் நின்றிருக்கும் இரவில் அதே டயோடு வழியாகப் பேட்டரியின் மின்சாரம் பின்னோக்கி ஒழுகும். காலை மௌனத்துக்கு விளக்கம் அதுதான்.

வெவ்வேறு இடத்தில் வாங்கிய இரு ஆல்டர்னேட்டர்களில் ஒரே உறுப்பு கருகுகிறது என்றால், குற்றவாளி ஆல்டர்னேட்டருக்கு வெளியே இருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. எனவே நான்காவதை வாங்கும் முன், மூன்றாவதையே டயோடு தட்டு மட்டும் மாற்றித் தற்காலிகமாகப் பொருத்தச் சொல்லிவிட்டு, ஒரு மல்டிமீட்டரும் கேபிளைக் கவ்வி டிசி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு முறையும் செய்த சோதனை ஒன்றே ஒன்றுதான்: எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் வோல்ட் பார்ப்பது. 14.1 வந்தது, "சார்ஜிங் சரியாக இருக்கிறது" என்று மூடிவிடுவார்கள். பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சரி என்பதால் அந்தத் தீர்ப்பில் பிழை இல்லை. ஆனால், விளக்கு, பிளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எதுவும் போடாத நிலையில் கேபிளில் ஓடும் ஆம்பியர் மிகக் குறைவு. குறைந்த ஆம்பியரில் கெட்டுப்போன மூட்டும் நல்ல மூட்டைப் போலவே நடிக்கும்.

நான் விளக்கு, பிளோயர், ஹீட்டர் அனைத்தையும் போட்டு, எஞ்சினை 2,000 சுற்றில் நிறுத்தி, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பின்புற போல்ட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வைத்தேன். இரண்டையும் இணைப்பது ஒரே கேபிள் என்பதால் இந்த அளவு 0.2 வோல்ட்டுக்குள் அடங்க வேண்டும். 1.3 காட்டியது. கிளாம்ப் மீட்டரில் 45 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 58 வாட். ஒரு ஹெட்லைட் பல்பு எரியும் அளவு சக்தி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓரிடத்தில் வெறும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. எர்த் பக்கத்தை அதே முறையில் அளந்தபோது 0.1 தான் வந்தது. ஆகவே பழி பாசிட்டிவ் கேபிள் மீதே விழுந்தது.

எஞ்சினை நிறுத்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு கேபிளின் உறையைச் சற்றே கீறிப் பார்த்தேன். ஆல்டர்னேட்டர் பக்கத்தில், கேபிள் நுனியைப் போல்ட்டோடு இணைக்கும் உலோக வளையமான லக்குக்குள் செம்புக் கம்பிகள் பச்சை பூத்துப் பொடியாகியிருந்தன; விரலால் அசைத்தால் லக் ஆடியது. வெளியே ரப்பர் மூடி புதுசு போல இருந்ததால் மூன்று முறை கழற்றி மாட்டிய எவர் கண்ணிலும் இது படவில்லை. அதிர்வில் அந்த மூட்டு நொடிப்பொழுது விட்டுச் சேரும்போதெல்லாம், போக வழியில்லாத மின்சாரம் ஆல்டர்னேட்டருக்குள் உயர் வோல்ட்டாகத் துள்ளும். டயோடுகளைக் கொன்றது அந்தத் துள்ளல்தான். கூடவே, நான்கு வயதான பேட்டரியும் மின்பளு ஏற்றிப் பார்க்கும் லோடு சோதனையில் தோற்றது. எந்நேரமும் பசியோடிருக்கும் பேட்டரி ஆல்டர்னேட்டரை ஓய்வில்லாமல் உழைக்க வைத்துச் சூடாக்கும் என்பதால் அதையும் மாற்றினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி கிளாம்ப்பைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லையே, டைனமோ நல்லதுதான்" என்று காட்டும் பழைய வித்தையை என் வண்டியிலும் ஒரு முறை செய்தார்கள். ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோக் காலத்தில் அது செல்லுபடியாகியிருக்கலாம்; டயோடும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் உள்ள வண்டியில் அதுவும் மேலே சொன்ன அதே துள்ளலை உண்டாக்கும். இரண்டாவது ஆல்டர்னேட்டரின் முடிவில் அந்த வித்தைக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

பழையதைவிட ஒரு சுற்றுப் பருமனான கேபிள், நன்றாக அழுத்தி கிரிம்ப் செய்த புதிய லக், புதிய பேட்டரி, நான்காவது ஆல்டர்னேட்டர். அதே லோடில் அளவு 0.12 வோல்ட்டுக்கு இறங்கியது. மூன்று ஆண்டுகளும் 46,000 கிலோமீட்டரும் ஆகின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த அளவையும், மீட்டரை ஏசிக்கு மாற்றிப் பேட்டரி முனைகளில் அலையையும் பார்த்துக் குறித்துவைக்கிறேன். அலை 0.5 வோல்ட்டைத் தாண்டினால் டயோடைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது ஆல்டர்னேட்டர் கெட்டுக் கிடந்தபோது 0.9 காட்டியது, இப்போது 0.05. சென்ற மாதக் குறிப்பில் கேபிள் அளவு 0.14. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டின் உட்புற வரிகளில் மட்டும் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன; அடுத்த சர்வீஸில் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றச் சொல்லியிருக்கிறேன்.