அவெஞ்சர் 220: ஒலி அமைப்பை மாற்றி, பெட்டிகளைக் கழற்றத்தக்கதாக்கிய பின் 26,000 கிலோமீற்றர்

2022 ஓகஸ்டில், இலங்கையின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது, என்னுடைய பஜாஜ் அவெஞ்சர் 220 திருகோணமலை உவர்மலை வீட்டு முற்றத்தில் நாட்கணக்கில் சும்மா நின்றது. 2020 மார்ச்சிலேயே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், இதைக் கொடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று எடுக்கலாம் என்ற நினைப்புக்கும் வழியில்லை. ஓட முடியாத அந்த மாதங்களில்தான் இரண்டு வேலைகளைக் கையில் எடுத்தேன். பாட்டு ஒழுங்காகக் கேட்க வேண்டும். பின்னால் போல்ட் போட்டு இறுக்கியிருந்த பெட்டிகளைச் சாவி ஒன்றால் கழற்ற முடிய வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத வேலைகள் என்று அப்போது எண்ணியிருந்தேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி என்று ஏறத்தாழ 26,000 கிலோமீற்றர் ஓடி, மூன்று மாரிகளையும் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

முதலில் ஒலி. ஹாண்டிலில் முன்பு பூட்டியிருந்த சோடி ஸ்பீக்கரின் பெட்டியில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதே பெட்டிக்குள் அவர்கள் வைத்திருந்த பியூஸ் 10 அம்பியர். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் கிடைக்கிறது என்று வைத்தாலும், அந்த பியூஸ் வழியாக நிலையாகப் போகக்கூடியது 140 வாட் மட்டுமே. அதிலும் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கி, ஒரு வருடம் கழித்து இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்தவன் நான். ஆகையால் இம்முறை தொடர்ச்சியாகத் தரும் வாட்டைக் குறிக்கும் ஆர்எம்எஸ் எண்ணை மாத்திரம் பார்த்து வாங்கினேன். மின்னை அதிகம் வெப்பமாக வீணாக்காத, உள்ளங்கை அளவுள்ள டி வகுப்பு அம்பிளிஃபயர், 4 ஓம் ஸ்பீக்கரில் பக்கத்துக்கு 50 வாட் தரும். சீற்றுக்கு அடியில் அடங்கிவிட்டது. முன்பக்கத்தில் கண்ணாடியிழையால் செய்வித்த இரண்டு கூடுகளுக்குள் ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கர்கள் இருக்கின்றன.

ஸ்பீக்கர் தெரிவில் நான் அதிகம் பார்த்தது உணர்திறன் எண்ணைத்தான். 1 வாட் கொடுத்து 1 மீற்றர் தள்ளி அளந்தால் பழையது 87 டெசிபெல், புதியது 92. இந்த 5 டெசிபெல் வித்தியாசத்தைப் பழைய ஸ்பீக்கரிலேயே பெறுவதானால் மூன்று மடங்கு வாட் வேண்டும். ஒரு சிறிய பற்றறியையும் அதற்கேற்ற சார்ஜிங்கையும் வைத்திருக்கும் சைக்கிளில் மூன்று மடங்கு வாட்டுக்கு எங்கே போவது? இப்போது முழுச் சத்தத்தில் 9 அம்பியருக்குக் கிட்ட இழுக்கிறது. வழமையாகப் பாட்டு ஓடும்போது 3 அம்பியர்கூடத் தாண்டுவதில்லை. பற்றறியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 15 அம்பியர் பியூஸ், சாவி போட்டால்தான் உயிர் பெறும் ரிலே சுவிட்ச், எர்த் வயரைச் சட்டத்தில் எங்காவது முறுக்காமல் நேராகப் பற்றறியின் மறை முனைக்கே கொண்டுபோனது ஆகிய மூன்றையும் செய்ததால், எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் அந்த ‘ஙீ’ என்ற இரைச்சல் ஒரு நாளும் வரவில்லை.

திறந்த வெளியில் கார் கூண்டுக்குள் கிடைப்பதைப்போல் அடித்தொனி கிடைக்காது என்பதை ஏற்றுக்கொள்ளப் பல வாரங்கள் ஆயின. 80 கிலோமீற்றர் வேகத்தில் தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சல் மட்டுமே 90 டெசிபெலைத் தாண்டும், அதுவும் பெரும்பாலும் தாழ்ந்த தொனியிலேயே இருக்கும். கோயில் கச்சேரிப் பதிவொன்றைப் போட்டுக்கொண்டு நிலாவெளி வீதியில் போனபோது நாதஸ்வரம் ஒவ்வொரு சுரமாகக் கேட்டது. தவிலின் தொப்பிப் பக்கத்து அடி எங்கே போனதென்றே தெரியவில்லை. அதைத் துரத்தி பேஸைக் கூட்டக் கூட்ட ஸ்பீக்கர் கூம்புகள் துடித்து முழு ஒலியும் கலங்கியது. கடைசியில் 120 ஹேர்ட்சுக்குக் கீழே உள்ள அடித்தொனியை வடிகட்டி வெட்டிவிட்டேன். வெட்டிய அன்றே குரல்கள் தெளிந்தன, சத்தத்தையும் முன்பைவிட ஒரு படி குறைத்தே வைக்க முடிந்தது. ஒலி அமைப்புக்காகச் செய்த செலவில்லாத வேலை இதுதான், ஆகப் பெரிய பலன் தந்ததும் இதுதான்.

நான் விட்ட பிழை பின்பெட்டியில் இருந்தது. பின்னால் இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று பெட்டிக்குள் இன்னும் இரண்டு ஸ்பீக்கர்களும், பிறேக் லைட் ஒன்றும் வைத்து, பெட்டியை உட்கார்த்தும்போது தானாகத் தொடும்படி ஆறு வில் (ஸ்பிரிங்) முனைகள் கொண்ட இணைப்பியைப் பூட்டினேன். கச்சான் காற்று வீசிய வறண்ட மாதங்கள் முழுக்க அது அழகாக வேலை செய்தது. மார்கழி மழை தொடங்கி மூன்றாம் வாரத்தில் வலது பின் ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடியது; கழற்றிப் பார்த்தால் பித்தளை முனைகளில் பச்சை பூத்து, ஒரு வில் உள்ளேயே இறுகிக் கிடந்தது. துடைத்து, கிறீஸ் பூசி வைத்தும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. சட்டம் ஒட்டித் தந்த வெல்டிங் பாஸ் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, நித்தம் கழட்டிப் பூட்டுற சாமானுக்குள்ள கரண்டைக் கொண்டுபோய் வச்சா இப்பிடித்தான்” என்றார். அன்றே பின் ஸ்பீக்கர்களையும் லைட்டையும் எடுத்துவிட்டு, பெட்டியின் முதுகில் சிவப்பு ஒளித்தெறிப்பு நாடாவை ஒட்டினேன். வயர் ஒன்றும் போகாத பெட்டிதான் உண்மையில் கழற்றக்கூடிய பெட்டி.

கழற்றும் முறை எளிமையானது. 4 மில்லிமீற்றர் தகட்டில் செய்த சட்டத்தில் கழுத்து ஒடுங்கிய நான்கு குமிழ்கள் நிற்கின்றன. பெட்டியின் அடியிலுள்ள முன் கொளுக்கிகள் இரண்டையும் முதலில் மாட்டி, பின்பக்கத்தை அமத்தினால் பூட்டு நாக்கு விழும் சத்தம் கேட்கும். குமிழ்களுக்கு இறப்பர் வளையம் போடாமல் ஓடிய முதல் மாதத்தில் வெருகல் பக்கம் போகும்போது பெட்டி கிடுகிடுத்த கிடுகிடுப்பில் பாட்டே தேவைப்படவில்லை. இப்போது கழற்ற 20 விநாடி, பூட்ட அரை நிமிடம்.

சட்டத்தை இரண்டு முறை செய்ய வேண்டி வந்தது. முதலாவது சாதாரண இரும்பு. பெயின்ற் அடித்திருந்தும் ஒரே வாடைக்காற்றுப் பருவத்தில் ஒட்டு இடங்களில் கறள் பிடித்துவிட்டது. இரண்டாவது 304 தரத் துருப்பிடிக்காத எஃகு. கடற்காற்றில் அதுவும் தேநீர்க் கறைபோல் மெல்லப் பழுப்பேறுகிறது, ஆனால் அரிக்கவில்லை. மொலிப்டினம் கலந்த 316 கிடைத்திருந்தால் அந்தக் கறையும் குறைந்திருக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது அலுமினியப் பெட்டியில் எஃகு ஆணிகள் தொடும் இடம். உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் கரைந்து வெள்ளைப் பொடியாக உதிரும். நைலோன் வாசர் வைத்த துளைகள் இன்னும் சுத்தமாக உள்ளன. வைக்க மறந்த ஒரேயொரு துளை இப்போது பெரிதாகிவிட்டது.

முதல் சட்டத்தில் இன்னொரு குறையும் இருந்தது. பெட்டியின் பாரம் பின் சில்லின் அச்சைத் தாண்டிப் பின்னால் விழுந்ததால் முன் சில்லு இலேசாகி, கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்று அடித்தபோது ஹாண்டில் கையில் நெளிந்தது. இரண்டாம் சட்டத்தில் பெட்டியை 11 சென்ரிமீற்றர் முன்னே தள்ளி, திருத்தும் கருவிகள், தண்ணீர் போன்ற பாரங்களைக் கீழே பக்கப் பெட்டிகளுக்கு மாற்றிய பின் அந்த நெளிவு போய்விட்டது. பின்பெட்டிக்குள் இப்போது மழைச்சட்டையும் உடுப்பும் மட்டுமே.

அன்றாடப் பலன் நான் நினையாத இடங்களில் கிடைத்தது. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டைக்குள் சைக்கிளை விட்டால், அங்கே திரியும் மான்கள் பெட்டியின் பட்டியைக்கூடச் சப்பிப் பார்க்கும். இப்போது பெட்டி என்னோடு வருகிறது. பக்கப் பெட்டிகளோடு 92 சென்ரிமீற்றர் அகலமாக நின்ற சைக்கிள், அவற்றைக் கழற்றினால் எங்கள் ஒழுங்கையின் படலைக்குள் சுவரில் உராயாமல் நுழைகிறது. பாட்டைப் பொறுத்தவரை, கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பொழுதுபட்ட பிறகு அதை நிறுத்திவிடுவேன். பற்றைக்குள் யானை கிளை முறிக்கும் சத்தம் எந்தப் பாட்டையும்விட முக்கியமான பாதை அது.

இதுவரை பழுது என்று சொன்னால், இடது ஸ்பீக்கரின் விளிம்பு இறப்பரில் வெயிலால் மெல்லிய வெடிப்பு விழுந்திருக்கிறது, பின் பூட்டின் நாக்கும் தேய்ந்து, பெட்டியை இரண்டு தரம் அமத்தினால்தான் விழுகிறது. நாக்கைப் பாஸிடம் கொடுத்திருக்கிறேன். ஸ்பீக்கரை இந்த மாரி முடிந்த பிறகு மாற்றுவதாக இருக்கிறேன்.