பழைய ஜெர்மன் காரின் பிரேக் லைட்: பல்ப், எர்த் வயர், புதுப்பேட்டை செட், எல்.இ.டி. எது தேறும்?

சிக்னலில் நிற்கும்போது பக்கத்து பைக்காரர் கண்ணாடியைத் தட்டி, "சார், லெஃப்ட் பிரேக் லைட் எரியலை" என்கிறார். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பி.எம்.டபிள்யூ. 3 சீரீஸ், மெர்சிடிஸ் சி-கிளாஸ் வைத்திருக்கும் பலருக்கு இது நடக்கிறது. பல்பை மாற்றுகிறார்கள், இரண்டு வாரத்தில் மறுபடி அதே கதை. அதற்குப் பிறகுதான் காசு கரையத் தொடங்கும். ஒருவர் முழு டெயில் லைட்டையே மாற்றச் சொல்வார், இன்னொருவர் எல்.இ.டி. போடச் சொல்வார், மூன்றாமவர் பழைய கார் சாமான்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குக் கைகாட்டுவார்.

இந்த வழிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எர்த்தை, அதாவது விளக்கிலிருந்து கரண்ட் காரின் பாடிக்குத் திரும்பும் இணைப்பை, மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்தச் சாமானும் வாங்காதீர்கள். ஈ46, ஈ90 (3 சீரீஸ்), டபிள்யூ203, டபிள்யூ204 (சி-கிளாஸ்) தலைமுறைக் கார்களில் ஒரு பக்க பிரேக் லைட் திரும்பத் திரும்பப் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த் பின்னைத்தான்.

எந்த விளக்கு எரியவில்லை?

இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுக்கலாம். இடது, வலது, நடு மூன்றுமே எரியவில்லை என்றால் பின்பக்கம் போக வேண்டாம், பியூஸையும் பெடல் மேலுள்ள சுவிட்சையும் பாருங்கள். நடு விளக்கு மட்டும் எரியாமல், அது டிக்கி மூடியில் இருக்கும் மாடலாகவும் இருந்தால், கீல் அருகே வயர் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் கீழே வரும் போட்டி முழுக்க உங்களுக்குத்தான்.

பல்ப் மட்டும் மாற்றுவது

இதைவிட மலிவான வழி கிடையாது. 12 வோல்ட், 21 வாட் பல்ப் ஜி.பி. ரோட்டில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், நல்ல பிராண்டாகவே. இழை அறுந்திருந்தாலோ கண்ணாடி உள்ளே கறுத்திருந்தாலோ வேலை இதோடு முடிந்தது.

தவறு நடப்பது பல்பின் வகையில். பி21டபிள்யூ என்பது ஒற்றை இழை, அடியில் ஒரு முனை, பக்கவாட்டுப் பின்கள் இரண்டும் ஒரே உயரம். பி21/5டபிள்யூ என்பது இரட்டை இழை, அடியில் இரண்டு முனை, பின்கள் உயரம் மாறி இருக்கும். சில ஜெர்மன் கார்களில் பி21/4டபிள்யூ வரும், அதில் பின்கள் அமைந்த கோணமும் வேறு. கடையில் 5 வாட்தான் இருந்தது என்று வாங்கிவந்து, பின்னை அரத்தால் ராவி அழுத்திப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பல்ப் ஆடும், முனை சரியாக உட்காராது, அங்கேயே சூடேறும். இரட்டை முனை ஹோல்டரில் ஒற்றை முனை பல்பைத் திணித்தால் இன்னும் மோசம். அடியிலுள்ள ஒரே முனை இரண்டு லைனையும் சேர்த்துவிடும், பிரேக் மிதித்தால் டெயில் லைட் லைனுக்கும் கரண்ட் போகும். பழைய பல்பைக் கையோடு கொண்டுபோய் அடிப்பகுதியை ஒப்பிட்டு வாங்குங்கள்.

புது பல்ப் போட்ட பிறகும் டேஷ்போர்டில் பல்ப் எச்சரிக்கை நின்றால், அல்லது பிரேக் மிதிக்கும்போது பக்கத்து இண்டிகேட்டரோ ரிவர்ஸ் லைட்டோ மங்கலாக எரிந்தால், பல்ப் மேல் பழி போடுவதை நிறுத்திவிடலாம். எர்த் சரியில்லாததால் கரண்ட் பக்கத்து இழை வழியாகத் திரும்பும் பாதையைத் தேடுகிறது என்று அர்த்தம்.

எர்த் ஜம்பர் வயர்

பல்புகள் உட்காரும் ஹோல்டரைக் கழற்றி எடுத்து, காரின் வயர்கள் வந்து மாட்டும் கப்ளர் பக்கம் பாருங்கள். ஜெர்மன் கார்களில் பிரவுன் வயர்தான் எர்த். அந்தப் பின்னைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் உருகிப் புடைத்து, பின் நீலம் பாய்ந்து நிற்கும். முகர்ந்தால் எரிந்த பிளாஸ்டிக் வாடை வரும்.

காரணம் சின்னக் கணக்குதான். பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் தலா 21 வாட், டெயில் 5 வாட். எல்லாம் ஒரே ஹோல்டரில் இருக்கும் கார்களில் மொத்தம் 68 வாட், கிட்டத்தட்ட ஐந்தரை ஆம்பியர். ஒவ்வொரு விளக்குக்கும் கரண்ட் வரத் தனித்தனிப் பின் இருக்கிறது, திரும்பிப் போக ஒரே ஒரு பின். அதில் துரு ஏறி அரை ஓம் தடை வந்தால் 5 ஆம்பியரில் 2.5 வோல்ட் அங்கேயே விழும். அந்தச் சின்னப் பின்னில் 12.5 வாட் சூடு, அதாவது ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் சூட்டில் பாதி. சூட்டில் பின்னின் பிடி தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். வெளிச்சமும் போகும். இழை பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் வரை குறையும், இருபது சதவீதம் குறைந்தால் பாதிகூடத் தேறாது.

இது நம் ஊர் வண்டிக்கு மட்டும் வரும் நோயில்லை. 2014இல் மெர்சிடிஸ் நிறுவனம் அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரையிலான சி-கிளாஸ் கார்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைத்தது இந்தப் பின்விளக்குத் தொடுமுனை துருவுக்காகத்தான். திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். பக்கம் வெளியில் நிற்கும் கார்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. 2007இல் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. ஆலை திறந்தபோது முதலில் கோத்தது 3 சீரீஸ் கார்கள். அந்த வயதுக் கார்களெல்லாம் இன்று இந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றன.

அளப்பது இப்படி. மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். பல்புகள் இடத்தில் இருக்கட்டும், கப்ளர் மாட்டியிருக்கட்டும், பிரேக்கை மிதித்த நிலை. சிவப்பு முனையை ஹோல்டரின் எர்த் தகட்டிலும், கறுப்பு முனையை டிக்கிக்குள் பெயின்ட் இல்லாத பாடி இரும்பிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.2 முதல் 0.5 வரை என்றால் சுத்தம் செய்து பார்க்கலாம். அதற்கு மேல் போனால் ஜம்பர், அதாவது ஹோல்டரின் எர்த் தகட்டிலிருந்து நேராகக் காரின் பாடிக்கு ஒரு தனி வயர், போட வேண்டியதுதான். மீட்டரின் 'பீப்' சத்தம் வைத்து எர்த் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அந்தச் சோதனையில் ஓடும் கரண்ட் மிகச் சொற்பம், எரிந்த பின்கூட அதற்குத் தாங்கிவிடும்.

சுத்தம் செய்வதென்றால் 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, தளர்ந்த பெண் முனையை (பின் செருகும் குழியை) மெல்லிய ஊசியால் இறுக்குவது. செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் தேய்க்கும்போது மேலிருக்கும் வெள்ளீயப் பூச்சும் போய்விடுகிறது, கடற்காற்றில் அடுத்த துரு சீக்கிரம் வரும். இது சில மாதத் தவணைதான்.

ஜம்பருக்குச் சாமான் செலவு 200 ரூபாய்க்குள் அடங்கும். 1.5 சதுர மி.மீ. பல இழை காப்பர் வயர் 40 செ.மீ., ஒரு ரிங் லக் (போல்ட்டில் மாட்டும் வளைய முனை), ஒரு ஜோடி ஸ்பேடு முனை (செருகிக் கழற்றும் இணைப்பு), கொஞ்சம் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி வயரை மூடும் குழாய்). மல்டிமீட்டரோ சால்டரிங் அயர்னோ இல்லாதவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை. அயர்ன் 60 வாட்டாக வாங்குங்கள். 25 வாட் அயர்ன் தகட்டைச் சூடாக்கத் திணறும், அதற்குள் பக்கத்து பிளாஸ்டிக் இளகிவிடும்.

இக்னிஷனை ஆஃப் செய்து, கப்ளரைக் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஹோல்டரில் எல்லா பல்புகளின் பக்கச் சுவரையும் தொட்டுச் செல்லும் தகடு எர்த் தகடு. எது என்று கண்ணால் முடிவு செய்யாமல், மீட்டரில் பிரவுன் வயரின் பின்னுடன் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல்ப் சாக்கெட்டிலிருந்து தள்ளி, தகடு அகலமாக இருக்கும் இடத்தில் உப்புத்தாள் போட்டு, பிளக்ஸ் தடவி, வயரை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். சில தகடுகளில் ஈயம் உருண்டு ஓடும், ஒட்டாது. மல்லுக்கட்ட வேண்டாம். 3 மி.மீ. துளை போட்டு, சின்ன ஸ்க்ரூ, நட்டு, ஸ்டார் வாஷர் வைத்து முடுக்கிவிடுங்கள். மறுமுனையில் ரிங் லக்கை அழுத்திப் பிடிக்கவைத்து (கிரிம்ப் செய்து), டிக்கிக்குள் ஏற்கெனவே பிரவுன் வயர்கள் சேரும் போல்ட்டில் கொடுங்கள். டிரிம் பிடிக்கும் ஸ்க்ரூவிலோ கீல் போல்ட்டிலோ கொடுத்தால் பெயின்ட் நடுவே நின்று எர்த் கிடைக்காது.

நடுவில் ஸ்பேடு முனை போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அடுத்த முறை பல்ப் மாற்றுகிறவர் ஹோல்டரை வெடுக்கென்று இழுப்பார், பற்றவைப்பு பிய்ந்து வரும். வயரும் ஒரு சாண் தளர்வாகத் தொங்கட்டும்.

வேலை முடிந்ததும் மறுபடி அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் வர வேண்டும். எரிந்த பழைய பின் வழியாக இனி பெரிய கரண்ட் போகாது, அதை மாற்றாவிட்டாலும் அது மேலும் எரியாது. இந்த வழி மற்ற எல்லாவற்றையும் தோற்கடிப்பது இங்கேதான். மற்றவை புதுப் பின்னைப் போட்டு அதே பாரத்தை மறுபடி அதன் தலையில் ஏற்றுகின்றன.

ஒரே ஆபத்து, தவறான தகட்டில் வயரைப் பற்றவைப்பது. பழைய காரில் பியூஸ் போகும், அவ்வளவுதான். ஈ90இல் விளக்குகளை ஒரு கன்ட்ரோல் யூனிட் நடத்துகிறது. அது ஷார்ட் சர்க்யூட்டை எண்ணிக்கொண்டே வந்து, ஓர் அளவு தாண்டினால் அந்த லைனையே பூட்டிவிடும். பிறகு ஸ்கேனர் போட்டு அழித்தால்தான் விளக்கு திரும்பும்.

புது ஹோல்டரா, புதுப்பேட்டை செட்டா?

பிளாஸ்டிக் உருகி பல்ப் ஆடினாலோ, கரண்ட் வரும் பின்னும் கரிந்திருந்தாலோ ஜம்பர் மட்டும் போதாது. பலர் உடனே முழு டெயில் லைட் விலையைக் கேட்டு மலைத்துப்போகிறார்கள். மேலே சொன்ன மாடல்களுக்கு உள்ளிருக்கும் ஹோல்டர் தனியாகவே கிடைக்கிறது, முழு செட்டின் விலையில் ஒரு சிறு பகுதிதான். பழையதில் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு கேளுங்கள். கார் பக்கத்துக் கப்ளரின் பெண் முனையும் கறுத்திருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது ஹோல்டரும் பழைய வழியில் போகும். புது ஹோல்டர் போட்டாலும் ஜம்பரை விடாதீர்கள்.

லென்ஸ் உடைந்திருந்தால் மட்டும் புதுப்பேட்டை நல்ல யோசனை. எரிந்த ஹோல்டருக்காக அங்கே போவது வீண். இன்னொரு பழைய காரிலிருந்து வந்த ஹோல்டருக்கும் அதே வயது, அதே நோய். செட்டை வாங்கும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே நீர்க்கோடு இருக்கிறதா, பின்பக்கம் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் பீடிங் முழுதாக இருக்கிறதா, கிளிப்புகள் உடையவில்லையா என்று பாருங்கள். ஈ90இல் 2008 கடைசியில் வந்த மாற்றத்துக்குப் பின் விளக்கின் வடிவமே வேறு, முந்தைய வண்டிக்கு அது ஒத்துவராது.

எல்.இ.டி. பல்ப்

இதற்கு உண்மையான ஒரு சிறப்பு உண்டு. இழை பல்ப் முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும், எல்.இ.டி. உடனே எரியும். ஓ.எம்.ஆரில் 80 கி.மீ. வேகத்தில் பின்னால் வருபவருக்கு அது நான்கு மீட்டருக்கும் மேல்.

இருந்தும் இந்தக் கார்களுக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். ரிஃப்ளெக்டர் இழையின் இடத்தை வைத்து வார்த்தது, பல திசையில் சில்லுகள் ஒட்டிய பல்பில் வெளிச்சம் திட்டுத்திட்டாக விழும். சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. போட்டால் இளஞ்சிவப்பாகத் தெரியும். எல்.இ.டி. கொஞ்சமாகத்தான் கரண்ட் இழுக்கும் என்பதால் கார் பல்ப் போய்விட்டது என்று எச்சரிக்கும். அதை அடக்க 6 ஓம் ரெசிஸ்டர் போடுவார்கள். 13.8 வோல்ட்டில் அது 2.3 ஆம்பியர் இழுத்து 32 வாட் சூடு கக்கும். டிக்கி கார்ப்பெட் ஓரம் கட்டிவிட்டால் பிளாஸ்டிக் இளகும். அந்த ரெசிஸ்டரும் அதே எர்த் பின்னில் முடிந்தால், சாதாரண 21 வாட் பல்பைவிட அதிகக் கரண்ட் அதில் ஓடும். எந்தப் பின்னைக் காப்பாற்ற நினைத்தோமோ அதற்கே சுமை கூடுகிறது.

சுவிட்ச் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்

மூன்று விளக்கும் போய், பியூஸ் நன்றாக இருந்து, ஆட்டோமேட்டிக் கியர் 'பி'யை விட்டு நகர மறுத்தால், அல்லது கூடவே சறுக்கலைத் தடுக்கும் இ.எஸ்.பி.யின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், பெடல் சுவிட்ச்தான் முதல் சந்தேகம். இதைப் பிரித்துத் தேய்ப்பதோ, பழையதை வாங்குவதோ கூடாது, புதிதுதான். தானே அளவு சரிசெய்துகொள்ளும் வகைச் சுவிட்சில் உள்தண்டை முழுக்க வெளியே இழுத்துவிட்டு, பெடலை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைச் செருகித் திருப்பிப் பூட்டி, பெடலை மெதுவாக விட வேண்டும். பெடல் மேலே வரும்போது தண்டு தானே அளவெடுத்துக்கொள்ளும். பெடலை அழுத்தாமல் செருகினால் அளவு தவறும். விளக்கு எப்போதும் எரிந்துகொண்டேயிருக்கும், அல்லது பாதி மிதித்த பிறகுதான் எரியும்.

எந்த வழியில் சரி செய்தாலும், ஐப்பசி மழை தொடங்குமுன் டிக்கியின் பக்க டிரிம்மைத் திறந்து, டெயில் லைட்டுக்குக் கீழே கார்ப்பெட்டில் கைவைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் பீடிங் போயிருக்கிறது, புது பீடிங் போட்ட பிறகு ஹோல்டரை மாட்டுங்கள். வேலை முடிந்த ஒரு வாரத்தில், இரவு ஓட்டத்துக்குப் பின் வண்டியை நிறுத்திய கையோடு கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் கிரிம்ப் சரியாக விழவில்லை, ரிங் லக்கை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.