இன்ஸ்டால் முடிந்தது, பூட் ஆகவில்லை: லினக்ஸோடு பல வருடப் பழக்கத்தில் பார்த்தவை

லினக்ஸ் இன்ஸ்டால் செய்து முடித்து, ரீஸ்டார்ட் கொடுத்து, கறுப்புத் திரையைப் பார்த்ததும் பலர் செய்யும் முதல் வேலை, திரும்பவும் பென் டிரைவைச் செருகி முதலிலிருந்து இன்ஸ்டால் செய்வது. லினக்ஸில் இது பெரும்பாலும் வெட்டி வேலை. கோளாறு பல சமயம் இன்ஸ்டால் ஆன லினக்ஸுக்கு வெளியே, மதர்போர்டின் ஃபர்ம்வேர் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த நிரல்) அமைப்பிலோ பூட் வரிசையிலோ உட்கார்ந்திருக்கும். அதைத் தொடாமல் எத்தனை தடவை இன்ஸ்டால் செய்தாலும் அதே கறுப்புத் திரைதான்.

என்னிடம் பல வருடங்களாக லினக்ஸ் ஓடுகிற கணினிகள் இரண்டு. ஒன்று பயாஸ் என்ற பழைய வகை ஃபர்ம்வேர் காலத்து டெஸ்க்டாப், முழுக்க டெபியன் என்ற லினக்ஸ் வகை. இன்னொன்று யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை ஃபர்ம்வேர் உள்ள லேப்டாப். அதில் விண்டோஸும் லினக்ஸ் மின்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இவை போக, "இதைக் கொஞ்சம் பாரேன்" என்று அவ்வப்போது வந்து சேர்கிற அடுத்தவர் இயந்திரங்கள். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், இன்ஸ்டால் செய்த அன்று வரும் கோளாறு ஒரு வகை, நன்றாக ஓடிக்கொண்டிருந்து ஒரு நாள் திடீரென்று வரும் கோளாறு இன்னொரு வகை. இரண்டுக்கும் அணுகுமுறை ஒன்றேதான்.

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து லாகின் திரை வரும் வரை வேலை கைமாறிக்கொண்டே போகிறது. முதலில் ஃபர்ம்வேர். அது கிரப் என்ற பூட்லோடரைத் தேடிப் பிடித்து ஒப்படைக்கும். கிரப், லினக்ஸின் மையக் கருவான கர்னலையும், இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் தற்காலிகக் கோப்பு முறைமையையும் நினைவகத்தில் ஏற்றும். அதன் துணையோடு கர்னல், லினக்ஸ் குடியிருக்கும் உண்மையான ரூட் பார்ட்டிஷனை (டிஸ்கின் ஒரு பகுதி) திறக்கும். அப்புறம் சிஸ்டம்டி என்ற நிரல் ஒவ்வொரு சேவையாகக் கிளப்பிவிட்டு லாகின் திரைக்கு வரும். பூட் பிரச்சினை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "கடைசியா திரையில என்ன தெரிஞ்சுது?" கிரப் மெனுவே வரவில்லையா, மெனு வந்த பிறகு இருண்டதா, எழுத்துகள் ஓடி ஓர் இடத்தில் நின்றதா, லோகோ சுற்றிக்கொண்டே இருக்கிறதா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பதில் தெரியாமல் வலையில் கிடைத்த கட்டளைகளை எல்லாம் அடித்துப் பார்க்கிறவர்கள், நன்றாக இருந்த பகுதியையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

லோகோ சுற்றுகிற அலங்காரத் திரை இந்தக் கேள்விக்குப் பெரிய எதிரி. கிரப் மெனுவில் 'ஈ' விசையை அழுத்தினால் அந்தப் பதிவைத் திருத்தலாம். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'குவயட் ஸ்பிளாஷ்' என்று இரண்டு சொற்கள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு எஃப்10 அழுத்தினால், அந்த ஒரு தடவைக்கு மட்டும் நடப்பதெல்லாம் எழுத்தாக ஓடும். மெனுவே தெரியவில்லை என்றால் கணினி கிளம்பும்போது யூஇஎஃப்ஐ இயந்திரத்தில் எஸ்கேப், பழைய பயாஸ் இயந்திரத்தில் ஷிஃப்ட். என் இரண்டு கணினிகளிலும் அந்த இரண்டு சொற்களை நிரந்தரமாகவே எடுத்துவிட்டேன். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் எங்கே சிக்கியது என்று தெரியும்.

சரி, முதல் கட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் புதிதாக இன்ஸ்டால் செய்பவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். என் லேப்டாப்பில் மின்ட் ஏற்றி ரீஸ்டார்ட் செய்தபோது கிரப் வரவில்லை, நேரே விண்டோஸ் வந்து நின்றது. இன்ஸ்டாலர் எந்தப் பிழையும் சொல்லவில்லை. லைவ் பென் டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ்) ஏறி, பூட் பதிவுகளைப் பட்டியலிடும் ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையை ஓட்டினால், லினக்ஸின் பதிவு பட்டியலில் முதல் இடத்தில் அழகாக இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் ஃபர்ம்வேர் அதைக் கண்டுகொள்ளாமல் விண்டோஸுக்கே போகிறது. சில ஃபர்ம்வேர்கள் இப்படித்தான்: பூட் பதிவுகளை மதர்போர்டின் நினைவில் எழுத விடும், ஆனால் தனக்குப் பிடித்த ஒரு வழியைத் தவிர மற்றதை மதிக்காது.

இதற்குள் நடப்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். யூஇஎஃப்ஐ இயந்திரங்களில் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஃபேட்32 வடிவில் ஒரு சின்னப் பகுதி இருக்கும். விண்டோஸ் தன் கோப்புகளை அதில் ஒரு கோப்புறையில் வைக்கும், லினக்ஸ் இன்னொரு கோப்புறையில். எந்தக் கோப்புறையில் எந்தக் கோப்பு என்கிற விவரம் மதர்போர்டில் பதிவாகும். அந்தப் பதிவு எதுவும் உதவாதபோது ஃபர்ம்வேர் தேடுவதற்கென்று ஒரு பொது முகவரி உண்டு: ஈஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட் என்ற கோப்புறை, அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. பென் டிரைவ்கள் பூட் ஆவது இந்த முகவரியால்தான். கிரப்-இன்ஸ்டால் கட்டளையோடு 'ரிமூவபிள்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் கிரப்பின் ஒரு பிரதி அங்கேயும் போய் உட்காரும். டெபியன் இன்ஸ்டாலரின் விரிவான முறையில் இதையே ஒரு கேள்வியாகக் கேட்பார்கள். அப்படி எழுதிவிட்டு, ஃபர்ம்வேர் மெனுவில் விண்டோஸின் பூட் மேனேஜரை வரிசையில் கீழே இறக்கியதும் என் லேப்டாப் வழிக்கு வந்தது. சில லேப்டாப்களில் ஃபர்ம்வேர் மெனுவுக்குள்ளேயே போய் அந்த ஈஎஃப்ஐ கோப்பை நம்பகமானது என்று கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

பென் டிரைவை எந்த முறையில் பூட் செய்தோம் என்பதும் முக்கியம். பல இயந்திரங்களின் பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரியும், ஒன்றின் முன்னால் மட்டும் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்கும்போது லினக்ஸை லெகசி (பழைய பயாஸ்) முறையில் ஏற்றினால், இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காது. லைவ் திரையில் '/சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ' என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லையென்றால் லெகசி. இன்ஸ்டால் பொத்தானைத் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

கையொப்பமில்லாத நிரல்களை பூட் ஆக விடாத செக்யூர் பூட் பற்றி வலையில் கிடைக்கும் அறிவுரை "முதல்ல அதை ஆஃப் பண்ணு" என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா எல்லாமே கையொப்பமிட்ட ஷிம் என்ற சின்ன நிரலோடு வருகின்றன, செக்யூர் பூட் இருக்கும்போதே பூட் ஆகும். கிராஃபிக்ஸ், வைஃபை போன்றவற்றுக்கு வெளி டிரைவர் போடும்போதுதான் இடிக்கும். அப்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்வார்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிச் சில விநாடிகள் மட்டும் காத்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் டிரைவரின் கையொப்பச் சாவி பதிவாகாது, டிரைவரும் ஏறாது. ஆஃப் செய்தே தீர வேண்டும் என்றால், விண்டோஸில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸ் கிளம்பும், விண்டோஸ் வாசலில் நின்று சாவி கேட்கும். 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய ஷிம் பதிப்புகளைத் தடை செய்ததால், இரட்டை பூட் வைத்திருந்த பலருடைய லினக்ஸ் ஒரே நாளில் நின்றுபோனது. அந்த மாதிரி நேரத்தில் தற்காலிகமாக ஆஃப் செய்வது சரிதான்.

'கிரப் ரெஸ்க்யூ' என்று வெறும் எழுத்தோடு நிற்கிற திரையைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. கிரப்பின் முதல் துண்டு கிடைத்துவிட்டது, மீதித் துண்டுகள் இருக்கும் பார்ட்டிஷன் அது நினைத்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். விண்டோஸில் பார்ட்டிஷனைப் பிரித்தோ அழித்தோ எண்கள் மாறிப்போன கணினிகளில் இது அடிக்கடி வரும். அங்கேயே 'எல்எஸ்' அடித்தால் பார்ட்டிஷன்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் 'எல்எஸ்' போட்டுப் பார்த்து, பூட், ஹோம் போன்ற கோப்புறைகள் தெரிவதைப் பிடிக்க வேண்டும். அதை ரூட் என்றும், அதன் பூட் கோப்புறைக்குள் உள்ள கிரப் கோப்புறையை பிரிஃபிக்ஸ் என்றும் 'செட்' கட்டளையால் சொல்லிவிட்டு, 'இன்ஸ்மாட் நார்மல்', பிறகு 'நார்மல்'. மெனு வந்துவிடும். உள்ளே போனதும் கிரப்பை மறுபடி இன்ஸ்டால் செய்யாவிட்டால் அடுத்த பூட்டிலும் இதே திரைதான்.

மெனு வந்து, லினக்ஸைத் தேர்ந்தெடுத்ததும் திரை இருண்டால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் விவகாரம். முன்பு சொன்ன 'ஈ' விசையால் உள்ளே போய் அதே வரியின் கடைசியில், கர்னலின் கிராஃபிக்ஸ் டிரைவர்களைத் தள்ளிவைக்கும் 'நோமோட்செட்' சேர்த்து ஏறி, சரியான டிரைவரைப் போட வேண்டும். நோமோட்செட்டையே நிரந்தரமாக வைத்துக்கொண்டு "லினக்ஸ் ஸ்லோ" என்பவர்களும் உண்டு.

மெனுவில் விண்டோஸ் காணோம் என்பது கோளாறே இல்லை. 2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அந்தத் தடையை நீக்கி, 'அப்டேட்-கிரப்' ஓட்டினால் வந்துவிடும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது டெஸ்க்டாப்பில் வந்த ஒரு தாமதம். பூட் ஆகும், ஆனால் நடுவில் 'எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்று சொல்லிச் சிவப்பு நட்சத்திரங்கள் இப்படியும் அப்படியும் ஓடும். பக்கத்தில் ஒரு கடிகாரம் விநாடி விநாடியாக ஏறி, ஒன்றரை நிமிடத்தில் நிற்கும். அப்புறம் எதுவுமே நடக்காதது போல லாகின் திரை. வன்பொருள் கோளாறு என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த வரியை முழுதாகப் படித்தால் பார்ட்டிஷன் ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாளமான யூயூஐடி என்ற நீண்ட எண் ஒன்று இருந்தது. 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையோடு 'எஃப்' விருப்பம் போட்டுப் பார்த்தால், அந்த எண்ணில் எந்தப் பார்ட்டிஷனும் இல்லை. அதே டிஸ்கில் சோதனைக்காக இன்னொரு லினக்ஸை ஏற்றியிருந்தேன். அதன் இன்ஸ்டாலர் ஸ்வாப் பார்ட்டிஷனை (நினைவகம் போதாதபோது உதவும் டிஸ்க் பகுதி) கேட்காமலேயே புதிதாக ஃபார்மட் செய்ததில் எண் மாறிவிட்டது. டெபியனோ பழைய எண்ணைத் தேடி, சிஸ்டம்டியின் இயல்பான 90 விநாடி முடியும் வரை காத்திருக்கிறது.

பூட்டின்போது திறக்க வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் புதிய எண்ணைப் போட்டதும் அந்த ஒன்றரை நிமிடம் போயிற்று. ஆனாலும் தொடக்கத்திலேயே ஒரு அரை நிமிடம் எங்கோ நின்றது. ஹைபர்னேட் (நினைவகத்தை டிஸ்கில் எழுதிவிட்டு அணைப்பது) செய்த நினைவை மீட்பதற்காக இனிட்ராம்எஃப்எஸ் தனியாக ஒரு கோப்பில் அதே பழைய ஸ்வாப் எண்ணை வைத்திருந்ததுதான் காரணம். அதன் பெயரே ரெஸ்யூம். அதையும் திருத்தி 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' ஓட்டிய பிறகே முழு வேகம் வந்தது. இரண்டாவது லினக்ஸ் ஏற்றிப் பார்க்கும் ஆர்வம் உள்ளவர்கள் இந்த இரண்டு இடத்தையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

காணாமல் போனது ஸ்வாப் என்பதால் சிஸ்டம்டி காத்திருந்துவிட்டு விட்டுவிட்டது. சாதாரணப் பார்ட்டிஷன் என்றால் எமர்ஜென்சி மோடில் (பழுது பார்க்க மட்டுமான கட்டளைத் திரை) நிறுத்திவிடும். வெளி ஹார்ட் டிஸ்க்கையோ விண்டோஸின் டி டிரைவையோ எஃப்எஸ்டேப்பில் சேர்ப்பவர்கள் பக்கத்தில் 'நோஃபெயில்' (இது இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும்) என்று எழுதிவிடுவது நல்லது. அதே போல விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் அது முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் அதன் பார்ட்டிஷனை எழுதும் உரிமையோடு லினக்ஸ் திறக்காது. அதை அணைத்து வைத்தால் ஒரு தலைவலி குறையும்.

வருடக்கணக்கில் ஓட்டும்போது வரும் கோளாறுகளில் முக்கியமானது கர்னல் அப்டேட். பூட்டுக்குத் தனிப் பார்ட்டிஷன் வைத்திருந்தால் பழைய கர்னல்கள் சேர்ந்து சேர்ந்து அது நிரம்பிவிடும். புதிய கர்னல் வரும்போது இடம் இல்லாமல் இனிட்ராம்எஃப்எஸ் உருவாகாமலே போகும். அடுத்த பூட்டில் ரூட்டைத் திறக்க முடியவில்லை என்று கர்னல் பேனிக், அதாவது கர்னல் அப்படியே நின்றுவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், தீர்வு எளிது: கிரப் மெனுவின் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்து ஏறி, தேவையில்லாத பழையவற்றை 'ஆட்டோரிமூவ்' கொண்டு நீக்கி, புதியதற்கு இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்க வேண்டும். ஒரு பழைய கர்னலையாவது எப்போதும் விட்டு வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

டெஸ்க்டாப்பில், மதர்போர்டின் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி தீர்ந்தபோது வேறு கூத்து. கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விட்டது. கோப்பு முறைமைச் சோதனை, "கடைசியாக மவுண்ட் செய்த (திறந்து இணைத்த) நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது" என்று முறையிட்டது. உள்ளே போனால் பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பானது என்று ஏற்கவில்லை. சிஆர்2032 பேட்டரி ஒன்றை மாற்றியதும் சரியானது. பயாஸ் அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கும், பூட் வரிசையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

கையில் ஒரு லைவ் பென் டிரைவ் எப்போதும் வைத்திருக்கிறேன். எந்த லினக்ஸ் ஓடுகிறதோ அதே வகையாக இருந்தால் வசதி. ரூட்டை மவுண்ட் செய்து, ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை அதற்குள் மவுண்ட் செய்து, டெவ், பிராக், சிஸ் என்ற மூன்று கர்னல் கோப்புறைகளையும் பைண்ட் செய்து (அதற்குள்ளும் தெரியும்படி இணைத்து), 'சிஎச்ரூட்' போட்டால் நம் கணினிக்குள்ளேயே நின்று பழுது பார்க்கலாம். பூட்-ரிப்பேர் என்ற வரைகலைக் கருவியும் இருக்கிறது. அதன் பழுது பார்க்கும் பொத்தானைவிட, அது தயாரிக்கும் விரிவான அறிக்கைதான் எனக்குப் பயன்பட்டிருக்கிறது. எந்த டிஸ்கில் என்ன இருக்கிறது, எந்தப் பதிவு எங்கே காட்டுகிறது என்பதெல்லாம் ஒரே கோப்பில் வந்துவிடும்.

ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் இவை எதையும் தொட மாட்டேன். ஓடும் எழுத்துகளில் 'ஐ/ஓ எரர்' என்று டிஸ்கின் பெயரோடு திரும்பத் திரும்ப வந்தால் அது பூட் பிரச்சினையே இல்லை, டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. கிரப் இன்ஸ்டால், கோப்பு முறைமைச் சோதனை என்று அதில் எழுதும் எந்த வேலையும் நிலைமையை மோசமாக்கும். லைவ் பென் டிரைவில் ஏறி, பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து, முதலில் கோப்புகளை வேறு டிஸ்குக்கு நகலெடுக்க வேண்டும். 'ஸ்மார்ட்சிடிஎல்' போட்டு டிஸ்கின் உடல்நிலையைப் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.