"நாமெல்லாம் ஹாம் ஓஎம், நமக்குள்ள பில்லு எதுக்கு?" – எனக்கு ₹34,500 போன கதை

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க. எனக்கு ஒரு பழைய ஹாம் ரேடியோவை வித்த ஆள் நேத்து ராத்திரி ஒன்பதரை மணிக்கு என்னை பிளாக் பண்ணிட்டான். இன்னிக்குக் காலையில, அதைக் கார்ல மாட்டிக் கொடுத்த கார் ஆடியோ கடைக்காரர், "சார், அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள பிரச்சினை"ன்னு சொல்லி போனை வெச்சுட்டார். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல என்னோட ₹34,500 போயிருச்சு.

கார்ல ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கிட்டு பொழுதுபோக்கா பேசற ரேடியோ) மாட்டணும்னு நினைக்கிறவங்க, முக்கியமா புதுசா லைசென்ஸ் வாங்கிட்டு கை துறுதுறுன்னு இருக்கிறவங்க, இதைப் படிச்சுட்டு அப்புறம் காசை எடுங்க. எதையெல்லாம் பார்த்து வாங்கணும், எப்படி மாட்டணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். 2023 டிசம்பர் வெள்ளத்தை இங்க யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் தண்ணிக்கு நடுவுல நின்னுச்சு. ஏரல்ல இருந்த அக்காகிட்ட போன் போகலை. அவ வீட்டுல என்ன ஆச்சுன்னு தெரியாம அம்மா வாசப்படியை விட்டு எந்திரிக்கவே இல்லை. டவர் விழுந்தா இவ்வளவுதானா நாமன்னு அன்னிக்குத்தான் உறைச்சது. 2004 சுனாமி வந்தப்ப போர்ட் பிளேர்ல இருந்து ஹாம் ஆட்கள் செய்தி அனுப்பினதை எப்பவோ படிச்சது ஞாபகம் வந்துச்சு. ஒரு பேட்டரி, ஒரு ரேடியோ, ஒரு ஆன்டெனா இருந்தா போதும். பரீட்சைக்குப் படிச்சேன், நிமிஷத்துக்கு 8 வார்த்தை மோர்ஸ் கேட்டு எழுதினேன், ஜெனரல் கிரேடு லைசென்ஸ் வாங்கினேன். வந்த அன்னிக்கே லேமினேட் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டினேன். வீட்டுல சிரிச்சாங்க.

கையில பிடிச்சுப் பேசற 5 வாட் ஹேண்டி ஒண்ணு இருந்தது. அதை வெச்சுக்கிட்டு காருக்குள்ள இருந்து பேசினா பாதி சிக்னல் தகரத்துலயே நின்னுரும். வெள்ளம் வந்தா காரை எடுத்துக்கிட்டு ஒரு மேட்டுல போய் நின்னு பேசுற மாதிரி ஒரு செட் வேணும். அதுக்கு மொபைல் ரிக்தான் (வண்டியில மாட்டற பெரிய செட்) சரி. புதுசு வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. பழசு தேடினேன்.

பழைய ரேடியோ சாமான் வாங்கி விக்கிற ஒரு ஆன்லைன் குரூப். அதுல ஒருத்தர் யேசு எஃப்டி-7900 போட்டிருந்தார். 2 மீட்டர் அலைவரிசையில 50 வாட், 70 சென்டிமீட்டர் அலைவரிசையில 45 வாட், டூயல் பேண்ட். முன்பக்கத்தைத் தனியா கழட்டி டேஷ்போர்டுல வெச்சுட்டு செட்டோட உடம்பை சீட்டுக்கு அடியில தள்ளிடலாம், அதுக்கான செபரேஷன் கிட்டும் கூட வரும்னு போட்டிருந்தார். ₹26,000. செட் மேல எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல கம்பெனி, நல்ல மாடல். வித்த ஆளைப் பத்தித்தான் பேச்சு.

நம்புனது எப்படின்னு கேட்கறீங்களா? அதை நினைச்சாத்தான் என்னை நானே அறைஞ்சுக்கணும் போல இருக்கு. முதல் மெசேஜ்லயே என் கால் சைனை (லைசென்ஸோட வர்ற அடையாளப் பேரை) கேட்டார். கொடுத்ததும் "வெல்கம் டு தி ஃபேமிலி ஓஎம்"னு வந்தது. ஓஎம்னா "ஓல்டு மேன்", ஹாம்கள் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடற பேர். நாப்பது நிமிஷம் போன்ல பேசினார். எந்த மலையில எந்த ரிப்பீட்டர் (நம்ம சிக்னலை வாங்கி தூரத்துக்குத் திருப்பி அனுப்புற நிலையம்), ஷிஃப்ட் ஏன் மைனஸ் 600, டோன் எப்படி வைக்கணும்னு எனக்குத் தெரியாததையெல்லாம் பொறுமையா சொல்லித் தந்தார். ஒரு வீடியோ அனுப்பினார். டிஸ்ப்ளே ஆரஞ்சு கலர்ல பளிச்னு எரியுது, யாரோ பேசறது கணீர்னு கேட்குது. நான் பில் கேட்டேன். கேட்டேங்க, கேட்காம இல்லை. அதுக்கு அவர் சிரிச்சுக்கிட்டே, "நாமெல்லாம் ஹாம் ஓஎம், நமக்குள்ள பில்லு எதுக்கு? யுபிஐ-ல அனுப்புறப்ப ரிமார்க்ஸ்ல கைமாத்துன்னு போட்டுருங்க, பேங்க்காரன் தொந்தரவு இருக்காது"ன்னார்.

கைமாத்து. நானும் போட்டேன். படிச்சவன், ஆபீஸ்ல அடுத்தவன் பில்லை ஆயிரம் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புறவன், ₹26,000-க்கு "கைமாத்து"ன்னு டைப் பண்ணி பின் நம்பரைப் போட்டேன். மெசேஜ் கடைசியில "73"ன்னு போட்டிருந்தார். ஹாம்கள் விடைபெறுறப்ப சொல்ற வாழ்த்து அது. அந்த ரெண்டு எண்ணைப் பார்த்ததும் மனசு நிறைஞ்சுபோச்சு எனக்கு.

பார்சல் வந்தது. செபரேஷன் கிட் இல்லை. கேட்டா, "அடுத்த கூரியர்ல வரும் ஓஎம்". வரவே இல்லை. அப்பவே மூளை வேலை செஞ்சிருக்கணும்.

அடுத்த தப்பு மாட்டுனதுல. விவிடி சிக்னல் பக்கம் எத்தனையோ கடை இருக்கு, அந்த ஏரியாவைச் சொல்றேன்னு நினைக்காதீங்க, கடை எங்கன்னு நான் சொல்லப் போறதில்லை. கார் ஆடியோ கடை ஒண்ணு, அவ்வளவுதான். ஓனர் டீ வாங்கிக் கொடுத்தார். "இருபது வருஷமா ஆம்ப்ளிஃபயர் மாட்டுறேன் சார், வாக்கி டாக்கி என்ன பெரிய விஷயம்? சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துட்டுப் போங்க"ன்னார். மேக்னெட் மவுண்டோட ஆன்டெனா ₹3,000, மாட்டுக்கூலி ₹5,500. நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கணும். ஆபீஸ்ல ஆடிட், போயிட்டேன். ₹26,000-மும் இதுவும் சேர்ந்துதான் அந்த ₹34,500.

சாயங்காலம் வண்டியை எடுத்துக்கிட்டு திருநெல்வேலி நாலுவழிச் சாலையில வாகைக்குளம் வரைக்கும் போனேன். ரிப்பீட்டரைக் கூப்பிட்டேன். பிடிடியை (பேசறதுக்கு மைக்ல அழுத்தற பட்டனை) அழுத்தினதும் டிஸ்ப்ளே மங்கி ஒரு தடவை செத்துப் பொழைச்சது. ஒரு மூத்தவர் பதில் சொன்னார். "ஓஎம், உங்க குரலோட விசில் மாதிரி ஒரு சத்தம் வருது, ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஏறுது. சிக்னலும் ரொம்ப வீக்." ஓரமா நிறுத்தி ஹேண்டியை எடுத்து வெளியில நின்னு பேசினேன். "இப்ப நல்லா இருக்கே, இது என்ன செட்?" 5 வாட் ஹேண்டிங்க! 50 வாட் ரிக்கை விட ஹேண்டி நல்லா கேட்குதாம். வெட்கத்துல நான் பதிலே சொல்லலை.

கடைக்காரர்கிட்ட போனா, "புது வயரிங் சார், ஒரு வாரம் ஓட்டினா செட் ஆயிடும்"ன்னார். செருப்பா செட் ஆகுறதுக்கு? ஆனா நான் ஒரு வாரம் ஓட்டினேன். ஆன்டெனாவுக்கு எஸ்டபிள்யூஆர்கூட (ஆன்டெனா எவ்வளவு பவரைத் திருப்பி அனுப்புதுன்னு காட்டற அளவு, 1-க்குப் பக்கத்துல இருந்தா நல்லது) பார்க்காம ஒரு வாரம் டிரான்ஸ்மிட் பண்ணேன். இது என் தப்பு, ஒத்துக்கறேன். நடுவுல ரெண்டு தடவை ஃப்யூஸ் போச்சு. ரெண்டாவது தடவை கடைப் பையன் வேற ஃப்யூஸ் போட்டு, "இனிமே போகாதுண்ணே"ன்னான். போகலைதான். ஞாயித்துக்கிழமை திருச்செந்தூர் போய்ட்டு வர்றப்ப பின் சீட்டுல இருந்த என் மக, "அப்பா, ரப்பர் கருகற வாசம்"னா. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தா வயர் தொட முடியாத சூடு, மேல் உறை இளகி கார்பெட்டுல ஒட்டியிருக்கு. பிள்ளை உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில.

அன்னிக்கே எங்க ஊர் மூத்த ஹாம் ஒருத்தர் வீட்டுக்கு வண்டியை விட்டேன். எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். அவர் பானெட்டைத் திறந்தார். பேட்டரிக்குப் போற வயரைக் காணோம். "என்ன வே இது, கரண்ட் எங்க இருந்து எடுத்திருக்கான்?" ஃப்யூஸ் பாக்ஸ்ல சிகரெட் லைட்டர் லைன்ல இருந்து எடுத்திருக்காங்க. ரிக்கோட வந்த தடிமனான டிசி கார்டை (பவர் வயரை), ரெண்டு பக்கமும் ஃப்யூஸ் ஹோல்டர் வெச்சு கம்பெனி கொடுத்த கார்டை, பாதியில வெட்டிட்டு, ஸ்பீக்கருக்குப் போடற ஒரு ஸ்கொயர் எம்எம் வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கு. பையன் "இனிமே போகாது"ன்னு போட்டது 30 ஆம்பியர் ஃப்யூஸ். அண்ணாச்சி பழைய பில் ஒண்ணு பின்னாடி கணக்குப் போட்டுக் காட்டினார். 50 வாட் வெளிய விட செட்டுக்கு 8, 9 ஆம்பியர் வேணும். அந்த வயர் போக வர 10 மீட்டர். அதுலயே ஒன்றரை வோல்ட் தின்னுரும். 13.8 வோல்ட் கேட்கற செட்டுக்கு இன்ஜின் ஓடறப்பவே 12 சொச்சம்தான் போகும், இன்ஜினை அணைச்சா 11-க்கும் கீழ. டிஸ்ப்ளே செத்துப் பொழைக்காம என்ன செய்யும்? வயர் கருகறதுக்குள்ள ஃப்யூஸ் போகணும், அதுக்குத்தான் ஃப்யூஸே. 30 ஆம்பியர் போட்டா வயர்தான் ஃப்யூஸ்.

ஆன்டெனா கேபிளோட கனெக்டரைக் கழட்டினார். ஈயமே வைக்கலை. நடுக்கம்பியை உள்ள சொருகி, வெளிப்பின்னலை முறுக்கி மறையைத் திருகியிருக்காங்க. பின்னல்ல இருந்து தலைமுடி மாதிரி ஒரு செம்பு இழை வளைஞ்சு நடுப்பின்னைத் தொட்டுக்கிட்டிருக்கு. எஸ்டபிள்யூஆர் மீட்டர்ல வெச்சுப் பார்த்தா முள்ளு வலது கோடிக்குப் போய் நின்னுருச்சு. கேபிளை வெட்டி, ஈயம் வெச்சு, ஆன்டெனா கம்பியைக் கூரை நடுவுல சரியா வெச்சதும் 1.3-க்கு வந்தது. இருபது நிமிஷ வேலை. நான் ₹5,500 கொடுத்த வேலை.

"சரி, இப்ப பேசிரலாம்ல அண்ணாச்சி"ன்னேன். ரிக்கை நேரடியா பவர் சப்ளையில போட்டு, டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலா பவரை வாங்கிக்கிற சாமான்) மாட்டி, வாட் மீட்டரைப் பார்த்தார். 3 வாட். ஹை பவர்லயும் 3, லோ பவர்லயும் 3. மேல் மூடியைத் திறந்தார். திருகாணி தலையெல்லாம் சிராய்ப்பு. ஃபைனல் (சிக்னலுக்குக் கடைசியா பவர் ஏத்தற பாகம்) பக்கம் பழுப்பு நிறத்துல, ஈயம் வெச்சா ஒட்டுற ஃப்ளக்ஸ் கறை, மேல தூசி படிஞ்சு காய்ஞ்சுபோனது. யாரோ முன்னமே கழட்டி ரிப்பேர் பார்த்து, முடியாம மூடியிருக்காங்க. "இது நீ கெடுத்ததா இருந்தா கறை மேல எப்படி வே தூசி படியும்?" அப்பதான் அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு நிமிஷ வீடியோ. அதுல ஒரு தடவைகூட மைக்கை எடுக்கலை. பிடிடியைத் தொடவே இல்லை. கேட்கறதை மட்டும் காட்டிட்டு 50 வாட்டுன்னு வித்திருக்கான்.

அதுக்கப்புறம் நடந்தது பந்து விளையாட்டு. வித்தவன் சொல்றான்: "உங்க வயரிங் சரியில்லை, எஸ்டபிள்யூஆர்ல ஃபைனலைப் பொசுக்கிட்டீங்க." கடைக்காரர் சொல்றார்: "நீங்க கொண்டாந்த செட்டே கோளாறு, நான் என்ன பண்ண?" ஃப்ளக்ஸ் கறையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு, "குடும்பத்துல ஒரு துக்கம் ஓஎம், அப்புறம் பேசறேன்." துக்கம்னு சொன்ன அன்னிக்கு சாயங்காலமே குரூப்ல வேற ஒரு செட்டை விலைக்குப் போட்டிருக்கான். கேட்டதுக்கு, "அனுப்பி வைங்க, பார்க்கறேன்." அனுப்பலாம்னு பேக் பண்ணப்ப அண்ணாச்சிதான் தடுத்தார், அதுவும் போயிரும்னு. குரூப்ல எழுதினேன். அட்மின் என் பதிவை எடுத்துட்டு, தனிப்பட்ட கொடுக்கல் வாங்கலை இங்க பேச வேண்டாம்னுட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். மரியாதையாத்தான் பேசினாங்க. முதல்ல கேட்டது பில். எங்க போவேன் பில்லுக்கு? கடைசியா நேத்து ராத்திரி போலீசுக்குப் போவேன்னு மெசேஜ் போட்டேன். வந்த பதிலை அப்படியே தரேன்: "என்கிட்ட வாங்குன கைமாத்தைத் திருப்பித் தந்தீங்க, ரிமார்க்ஸ்லயே இருக்கே. 73." அதுக்கப்புறம் பிளாக்.

73 போட்டுட்டுப் போறான் பாருங்க.

₹34,500. மகளுக்கு சைக்கிள் வாங்கணும்னு எடுத்து வெச்சதும் அதுல உண்டு. வீட்டுல இன்னும் முழுத்தொகையைச் சொல்லலை. இந்தப் பதிவை அவங்க படிக்க மாட்டாங்கன்னு நம்பறேன்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், மணி பன்னெண்டு ஆகுது, கையும் நடுங்குது. சுருக்கமா. டம்மி லோடுல பிடிடி அழுத்தி வாட் மீட்டர் முள்ளைக் காட்டாத வீடியோவுக்கு அஞ்சு பைசா அனுப்பாதீங்க. பில் இல்லாட்டி வேண்டாம். கைமாத்துன்னு போடச் சொன்னா அங்கேயே போனை வைங்க. கரண்ட் நேரா பேட்டரியில இருந்து, கூட வந்த கார்டுலயே, பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃப்யூஸோட எடுக்கணும். கார்டை வெட்ட விடாதீங்க. எஸ்டபிள்யூஆர் பார்க்காம பிடிடியைத் தொடாதீங்க. மாட்டறப்ப பக்கத்துல நில்லுங்க, லீவு போட்டாவது.

இன்னும் இருக்கு. ஆனா ஒண்ணு இப்பத்தான் ஞாபகம் வருது. ரிக்கைத்தான் கழட்டினோம். அந்த வயர் இன்னும் பின் சீட்டு கார்பெட்டுக்கு அடியில டேப் சுத்தின முனையோட கிடக்கு, இந்தப் பக்கம் 30 ஆம்பியர் ஃப்யூஸும் அப்படியே இருக்கு. காலையில பிள்ளையை ஸ்கூலுக்குக் கொண்டுவிடணும். டார்ச்சை எடுத்துட்டுக் கீழ போறேன்.