திறந்த மேசையா, மூடிய பெட்டியா? குளிர் நாட்டில் ஆமைக்குட்டிக்குச் சூடும் ஈரமும்

டொராண்டோ மாதிரி ஊரில் ஆமை வளர்ப்பவர்களிடம் நவம்பர் பிறந்ததும் ஒரே புலம்பல்தான். பெரிய பல்பு போட்டாச்சு, மணிக்கு ஒரு தரம் தண்ணீர் தெளித்தாச்சு, ஆனாலும் ஈரப்பதம் 30 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது, குட்டியின் மூக்கில் சளி மாதிரி ஏதோ தெரிகிறது. பல்பையும் ஸ்பிரே பாட்டிலையும் அப்புறம் பார்ப்போம், முதலில் அது இருக்கும் பெட்டிக்கு மேல்மூடி உண்டா என்று சொல்லுங்கள். ரெட்ஃபுட், சல்காட்டா போன்ற வெப்பமண்டல ஆமைகளின் குட்டிகளை வைத்திருப்பவர்களுக்கு மற்றதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. வெளியே மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் காற்றில் அதிகபட்சம் இரண்டு கிராம் சொச்சம் நீர்தான் ஒரு கன மீட்டரில் நிற்கும். அதுதான் இடுக்குகள் வழியே வீட்டுக்குள் வருகிறது, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அதை 22 டிகிரிக்கு ஏற்றுகிறது. சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்தாலும் ஜனவரியில் பல வீடுகளில் 25 சதவீதம்தான் காட்டும். அந்தக் காற்றை பல்பு போட்டு 30 டிகிரிக்கு ஏற்றினால் ஈரப்பதம் இன்னும் சரிந்து 16 சதவீதத்துக்கு வந்துவிடும். அதாவது திறந்த மேசையில், மேல்மூடி இல்லாத அகலமான பெட்டியைத்தான் அப்படிச் சொல்வது, நீங்கள் சூடேற்ற ஏற்ற வறட்சியும் கூடிக்கொண்டே போகும்.

இப்போது நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள ஒரு மூடிய பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 27 டிகிரி, 80 சதவீதம் வேண்டுமானால் அதன் காற்றில் மொத்தம் இருக்கவேண்டிய நீர் ஒன்பதரைக் கிராமுக்கும் குறைவு. அறைக் காற்றில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்தால் நாம் சேர்க்க வேண்டியது ஒன்றரைத் தேக்கரண்டித் தண்ணீர், அவ்வளவுதான். காற்று வெளியே போகாமல் இருந்தால் அந்த ஒன்றரைத் தேக்கரண்டி போதும். திறந்த மேசையில் சூடான காற்று நிற்காமல் மேலெழும்பிப் போகிறது, காய்ந்த காற்று அந்த இடத்தை நிரப்புகிறது, நீங்கள் நாள் முழுக்க ஸ்பிரே பாட்டிலோடு பக்கத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

திறந்த மேசை மோசம் என்று சொல்ல வரவில்லை. ஹெர்மன், கிரேக்க ஆமை மாதிரி மத்தியதரைக் கடல் பக்கத்து இனங்களில் வளர்ந்த ஆமைக்கு அது நல்ல வீடு. அவற்றுக்கு இரவில் சூடு இறங்கத்தான் வேண்டும், வீட்டின் 17, 18 டிகிரி அவற்றுக்குச் சுகம். பகலில் ஒரு மூலையில் 35 டிகிரிக்கு வெயில் காய இடம் இருந்தால் போதும். நல்ல காற்றோட்டம், செய்வதற்குச் செலவு குறைவு, ஒரு பழைய புத்தக அலமாரியைப் படுக்கவைத்தே செய்துவிடலாம். தென் அமெரிக்காவிலிருந்து வரும் ரெட்ஃபுட் கதை வேறு. அதன் குட்டிக்குப் பகலில் 28 முதல் 30, இரவிலும் 25 அளவில், ஈரப்பதம் 70, 80. இதைத் திறந்த மேசையில் கொடுக்க முயல்வது ஜன்னலைத் திறந்துவைத்து வீட்டைச் சூடாக்குவதற்குச் சமம்.

சல்காட்டாதான் பலரை ஏமாற்றுவது. சஹாராவின் தெற்கு விளிம்பில் வாழும் ஆமை, அதனால் காய்ந்த மணலில் வைத்தால் சரி என்று பல காலம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அது பகலின் பெரும்பகுதியைத் தோண்டிய வளைக்குள் கழிக்கும் பிராணி, வளைக்குள் காற்று வெளியை விட ஈரமானது. 2003இல் வீஸ்னர், இபென் என்ற இரு ஆய்வாளர்கள் 50 சல்காட்டாக் குட்டிகளை மூன்று விதமான ஈரப்பதத்தில், வெவ்வேறு அளவு புரத உணவில் வளர்த்துப் பார்த்து வெளியிட்டார்கள். ஓடு கூம்பு கூம்பாகப் புடைத்து எழும்புவதற்கு, அதாவது பிரமிடிங்குக்கு, காய்ந்த காற்றுதான் பெரிய காரணமாக நின்றது, புரதத்தின் பங்கு சொற்பம். அதுவரை புரதத்தைத்தான் எல்லோரும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை எழும்பிய கூம்பு திரும்பப் படியாது, புதிதாக வளரும் பகுதியை மட்டுமே சரியாக வளர்க்க முடியும். அதனால்தான் முதல் இரண்டு மூன்று வருடம் இவ்வளவு முக்கியம்.

நடுவழி ஒன்றும் உண்டு: இருக்கிற மேசையையே மூடுவது. பிளாஸ்டிக் ஷீட், அலுமினியத் தாள், செடிக்கு விற்கும் சிறிய ஜிப் வைத்த கிரீன்ஹவுஸ் கூடாரம். இவை வேலை செய்யும், 25 சதவீதத்திலிருந்து 60, 70 வரை கொண்டுவரலாம். ஆனால் பல்பைக் கவ்வியில் தொங்கவிட்டுப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஷீட்டையும் சுற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பல்பு போல மாட்டும், ஒளி தராமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டரின் மேற்பரப்பு பிளாஸ்டிக்கை உருக்கும் அளவுக்குக் கொதிக்கும். கூடாரம் போடுவதென்றால் விளக்கை உள்ளே கம்பிச் சங்கிலியில் தொங்கவிடுங்கள், கவ்வியை நம்பாதீர்கள். கண்ணாடித் தொட்டிக்கு மேலே மூடி போடுவதும் இதே வகைதான், மூடி போட்டால் விளக்கை எங்கே வைப்பது என்ற சிக்கல் உடனே வரும். கண்ணாடிக்கு மேலே யுவி டியூப்பை வைத்தால் யுவிபி, அதாவது ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிர், உள்ளே வராது, கண்ணாடியே அதைத் தடுத்துவிடும்.

என் தேர்வு மூடிய பெட்டி. பிவிசி பலகையில் வாங்கினாலும் சரி, பிளைவுட்டில் செய்து உள்ளே நன்றாகப் பூச்சு அடித்து மூலைகளில் சிலிக்கான் வைத்தாலும் சரி, முன்பக்கம் கதவு, மேலே முழுக்க மூடி, விளக்குகள் எல்லாம் உள்ளே. காற்று இல்லாமல் மூச்சு முட்டாதா என்று கேட்பார்கள். கதவு இடுக்கு வழியாகவே கொஞ்சம் காற்று போய்வரும், சாப்பாடு வைக்கவும் சுத்தம் செய்யவும் தினமும் திறக்கிறோம். குறை என்றால் மூன்று: விலை அதிகம், முதல் சில வாரம் தரையில் பரப்பும் புதுப் படுகையில் பூஞ்சை தலைகாட்டும், அப்புறம் சின்னப் பெட்டியில் சூடு சட்டென்று எகிறும். சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மூடிய பெட்டியை ஓட்டவே கூடாது.

சூடு எதில் வரவேண்டும் என்பது அடுத்தது. செராமிக் ஹீட்டர் மலிவு, ஒளி கிடையாது, இரவிலும் போடலாம், பீங்கான் ஹோல்டர் மட்டும் கட்டாயம். ஆனால் அதன் சூடு ஒரே இடத்தில் கொட்டுவதால் ஆமையின் முதுகு காய்ந்துபோகிறது. அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கியை விளக்குக்குக் கீழே தரையில் காட்டுங்கள், பிறகு அங்கே நிற்கும் ஆமையின் ஓட்டு உச்சியில் காட்டுங்கள். வளர்ந்த ஆமையானால் முதுகு விளக்குக்கு அரையடி நெருக்கம், தரை 34 என்னும்போது ஓடு 40ஐத் தாண்டியிருக்கும். ஹீட் பேனல் இதற்கு நேர்மாறு. கூரையில் தட்டையாகப் பொருத்துவது, பரவலான மிதமான சூடு, ஓட்டைக் காய்ச்சாது. விலை கூடுதல், கூரை இல்லாத மேசையில் அதற்கு வேலையே இல்லை. ரெட்ஃபுட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு பேனலைத்தான் சொல்வேன். சல்காட்டாவுக்குப் பேனலோடு பகலில் மட்டும் ஒரு ஃபிளட் ஹாலஜன் விளக்கு, டைமரில். ஒளியும் உடம்புக்குள் இறங்கும் சூடும் வெயிலுக்கு நெருக்கமாக வருவது ஹாலஜனில்தான். மெர்குரி வேப்பர் பல்பு வேண்டாம், அதைத் தெர்மோஸ்டாட்டில் குறைக்க முடியாது, மூடிய பெட்டியை அடுப்பாக்கிவிடும். இரவுக்கு என்று விற்கும் சிவப்பு பல்பும் சூடேறும் கல்லும் தேவையில்லை, அந்தக் கல் ஆமையின் அடிப்பக்கத்தைச் சுட்டுவிடும்.

ஈரத்துக்கு வருவோம். கையால் தெளிப்பது இலையை நனைக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும், அரை மணி நேரத்தில் போய்விடும். தண்ணீரை மூடுபனியாக ஊதும் ஃபாகர் எனக்குப் பிடிக்காத சாதனம். புகை மாதிரி வருவதால் நிறைய ஈரம் என்று தோன்றும், ஆனால் அது குளிர்ந்த நுண்துளி. தொட்டி அழுக்காக இருந்தால் அந்த அழுக்கும் கிருமியும் சேர்ந்தே குட்டியின் நுரையீரலுக்குப் போகும். தினமும் கழுவத் தயாராக இருப்பவர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் விட நம்பகமானது படுகைதான். அடியில் இரண்டு அங்குலம் தென்னை நார்த்தூள், மேலே ஆர்க்கிட் மரப்பட்டை. வெதுவெதுப்பான தண்ணீரை மூலைகளில் ஊற்றுங்கள், நடுவில் வேண்டாம். விரலை இரண்டு கணு ஆழத்துக்குச் செருகிப் பாருங்கள்: மேலே பட்டை காய்ந்து கையில் ஒட்டாமல் இருக்கவேண்டும், கீழே நார்த்தூள் பிழிந்த துணி மாதிரி குளிர்ச்சியாகத் தட்டுப்படவேண்டும். மேற்பரப்பே சொதசொத என்றிருந்தால் ரெட்ஃபுட்டுக்கு அடி ஓட்டில் பூஞ்சை பிடிக்கும். ஈரம் இருக்கும்போது சூடு இறங்குவதுதான் சளிக்கு வழி, அதனால் ஈரத்தைக் கூட்டும் வீட்டில் இரவுச் சூட்டில் சமரசம் கூடாது.

இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று சொல்லும் ஹைக்ரோமீட்டரையே, அதாவது ஈரப்பதம் அளக்கும் கருவியையே, பலர் சோதிப்பதில்லை. முள் வைத்த வட்ட மீட்டர்களைத் தூக்கிப் போடுங்கள். டிஜிட்டலை இப்படிச் சோதிக்கலாம்: ஒரு பாட்டில் மூடியில் உப்பு, கரையாமல் ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர், மூடியையும் மீட்டரையும் ஜிப் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். 75 காட்டவேண்டும். 68 காட்டினால் 7 கூட்டிப் படித்துக்கொள்ளலாம், தூக்கிப்போட வேண்டியதில்லை.

ஊரிலிருந்து நட்சத்திர ஆமைக்கு இதே ஏற்பாடு சரிவருமா என்று கேட்பவர்களுக்கு: அதை வீட்டில் வைத்திருப்பதே இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், 2019இல் சர்வதேச வணிகத் தடையின் முதல் பட்டியலுக்கும் அது போய்விட்டது. பெட்டி செய்து வளர்க்காதீர்கள், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

இங்கே டொராண்டோவில் 2013 டிசம்பர் பனிமழையில் பல வீடுகளுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் திறந்த மேசை சிறிது நேரத்திலேயே அறையோடு சேர்ந்து குளிர்ந்துவிடும். மூடிய பெட்டியை நாலாபுறமும் போர்வையால் சுற்றி, வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுருட்டி உள்ளே ஓரத்தில் வைத்தால் பல மணி நேரம் தாங்கும். மின்சாரம் திரும்பியதும் முதலில் போர்வையை எடுங்கள், பிறகுதான் ஸ்விட்ச்.