உறுப்பு தான அமைப்புகளுக்கு அமெரிக்கா போடும் மார்க்: நான் தருவது 5க்கு 3.5

இங்கே ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே உறுப்பு தானம் செய்வீர்களா என்று கேட்பார்கள், நானும் டிக் அடித்துவிட்டு மறந்துவிட்டேன். அந்த உறுப்பை எடுத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அமைப்பு ஏரியாவுக்கு ஒன்றுதான், பிடிக்கவில்லை என்று அடுத்த கடைக்குப் போக முடியாது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. அதனால் அந்த அமைப்புக்கு அரசு தரும் சான்றிதழ்தான் நமக்கு இருக்கும் ஒரே பிடி.

பழைய முறை சுத்த மோசம். தானத்துக்குத் தகுதியான மரணங்கள் எத்தனை என்று அந்த அமைப்பே சொல்லும், அதை வைத்தே அதற்கு மார்க். பரீட்சை எழுதியவனே பேப்பர் திருத்தின கதை! 2020இல் மெடிகேரை (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை) கவனிக்கும் அரசு அலுவலகம் இதை மாற்றியது. இப்போது தானத்துக்கு ஒத்துவரும் காரணத்தால் மருத்துவமனையில் இறந்த, 75 வயதுக்கு மேற்படாதவர்களின் இறப்புச் சான்றிதழ்களை வைத்துத்தான் கணக்கு. அதில் எத்தனை பேர் தானம் செய்தார்கள், எத்தனை உறுப்புகள் பொருத்தப்பட்டன என்று பார்த்து மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் படிக்குக் கவலையில்லை, இரண்டாம் படி தன் ஏரியாவுக்குப் போட்டி போட வேண்டும், மூன்றாம் படிக்குச் சான்றிதழ் போச்சு.

ஒன்றரை மார்க் ஏன் குறைத்தேன்? ஆராய்ச்சிக்குப் போகும் கணையமும் கணக்கில் சேர்கிறது. ஒரு நோயாளிக்கும் பொருத்தாத உறுப்புக்கு எதற்கு மார்க்?