ஐந்து கூறுகளா, ஒரே பாடமா? ஆண்டு 4 முதல் படிவம் 3 வரை தமிழ் நடத்தும் இரு வழிகள்

மலேசியாவில் ஆண்டு 6 மாணவர் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே படிவம் 3-இன் பிடி3 தேர்வும் போனது. அந்தத் தேர்வுகளுக்காகப் பழகிய பாடம் நடத்தும் முறை மட்டும் போகவில்லை. பேராக் மாநிலத்து எங்கள் ஊரான சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு பயிற்சி நூலைப் புரட்டினால் இன்றும் அதே வரிசைதான்: கொஞ்சம் கருத்துணர்தல், கொஞ்சம் இணைமொழி, வலிமிகும் இடங்கள், கடைசியில் மாதிரிக் கட்டுரைகள்.

இந்த வரிசைக்குக் கலைத்திட்டத்தையே சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுளும் மொழியணியும், இலக்கணம் என்று அது ஐந்து கூறுகளைச் சொல்வது உண்மைதான். ஆனால் பாடங்களைக் கருப்பொருள் வாரியாகத் தொகுத்திருப்பதும் அதே கலைத்திட்டம்தான். கூறு கூறாகப் பிரித்து நடத்தவும் அதில் இடமுண்டு, ஒரே பனுவலைச் சுற்றி ஐந்தையும் நடத்தவும் இடமுண்டு. எல்பில், டோவன்பி, ஈவூட் போன்ற தோட்டங்களின் பள்ளிகளில் படித்துவிட்டுப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கு வரும் பிள்ளைகளை மனத்தில் வைத்து இரண்டையும் பார்க்கிறேன். மாலையில் பிரத்தியேக வகுப்பு நடத்துபவன் என்பதால் இரண்டு வழியும் எனக்குப் பழக்கம்.

பிரித்து நடத்தும்போது

இந்த முறையை ஏளனம் செய்வது எளிது. அதற்கென்று சில நல்ல குணங்கள் இருக்கின்றன. ஆசிரியர் விடுப்பில் போனால் மாற்று ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிள்ளைக்கு எது வரவில்லை என்பது சட்டென்று தெரியும். வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை பதிய வேண்டும். பாடம் பிரிந்திருந்தால் பதிவதும் சுலபம். பெற்றோருக்கும் திருப்தி, புத்தகத்தில் சிவப்பு மையும் மதிப்பெண்ணும் தெரிகின்றன.

கோளாறு கட்டுரையில் வெளிப்படும். காலணியே பேசுவதுபோல் எழுதும் 'நான் ஒரு சப்பாத்து' என்ற தன்கதையை எழுதாமல் தமிழ்ப்பள்ளியைக் கடந்தவர் நம்மில் குறைவு. எல்லாச் சப்பாத்தும் தொழிற்சாலையில் பிறக்கும், ஈப்போ கடையில் விலைபோகும், ஒரு மாணவன் காலில் தேயும், குப்பையில் அழும். இடையில் மனப்பாடம் செய்த இரண்டு மரபுத்தொடரும் ஓர் இரட்டைக்கிளவியும் வந்து உட்காரும். 'வலிமிகும் இடங்கள்' பயிற்சியில் பத்துக்குப் பத்து வாங்கிய அதே பிள்ளை இங்கே 'குப்பைக்கு போனேன்' என்று எழுதும். இரண்டும் அதற்கு வேறு வேறு பாடங்கள். சேர்த்துப் பார்க்க ஒருவரும் கேட்டதில்லை.

சேர்த்து நடத்தும்போது

ஆண்டு 5-க்கு ஒரு வாரப் பாடம் இப்படிப் போகலாம். கருப்பொருள் தொழில். பால் மரம், அதாவது ரப்பர் மரம், சீவுவது பற்றிய சிறு பனுவல் ஒன்றை வாசிக்கிறார்கள். அன்று மாலை வீட்டில் பாட்டியிடமோ பக்கத்து வீட்டுத் தாத்தாவிடமோ கேட்டு வருகிறார்கள். கைப்பேசியில் குரல் பதிவும் செய்யலாம். ஒரு பாட்டி சொன்னதாக வைத்துக்கொள்வோம்: "நாலரைக்கே எந்திரிச்சிப் பெரட்டுக்குப் போவேன். பேரு கூப்பிடுவாங்க. தண்டல் காட்டுற நெரையிலதான் வெட்டணும்." பெரட்டு என்பது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் கூட்டம், தண்டல் என்பவர் தோட்டத்து மேற்பார்வையாளர்.

மறுநாள் வகுப்பில் இதை எழுத்துத் தமிழாக்குகிறோம். 'பாட்டி நாலரை மணிக்கே எழுந்து பெரட்டுக்குப் போவாராம். பெயர் கூப்பிடுவார்களாம். தண்டல் காட்டும் நிரையில்தான் மரம் சீவ வேண்டுமாம்.' இந்த மூன்று வரிக்குள் நேர்க்கூற்று அயற்கூற்றாகிறது, தன்மை படர்க்கையாகிறது, 'நெரையில' என்பதில் ஏழாம் வேற்றுமை உருபு கண்ணுக்குத் தெரிகிறது. 'பெரட்டுக்குப் போவேன்' என்று பாட்டியே 'ப்'பை அழுத்திச் சொல்லியிருக்கிறாள், பதிவைத் திரும்பப் போட்டால் காதில் விழும். நான்காம் வேற்றுமைக்குப் பின் வலிமிகும் என்ற விதியைப் பலகையில் எழுதுவது அதற்கப்புறம். செய்யுளுக்கும் வெளியே போக வேண்டாம். 'முயற்சி திருவினை ஆக்கும்' என்ற குறள் பாட்டிக்குப் பொருந்துமா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். முயன்ற பாட்டிக்குச் செல்வம் வந்ததா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். குறளை அப்படித்தான் படிக்க வேண்டும் என்பேன்.

இங்கே முக்கியமானது வீட்டுப் பேச்சு வகுப்புக்குள் நுழைவது. தோட்டத்துப் பிள்ளையின் வாயில் இலக்கணம் ஏற்கெனவே பாதி இருக்கிறது. பிரித்து நடத்தும் முறை அந்தப் பாதியைக் கொச்சை என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

ஆனால் காது எல்லாவற்றுக்கும் உதவாது. 'பழம்' என்பதைப் 'பளம்' என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ழகரமும் ளகரமும் ஒரே ஒலி. கரி, கறி, பனி, பணி, மனம், மணம்: வீட்டுப் பேச்சில் இவற்றுக்குப் பெரும்பாலும் வேற்றுமையே இல்லை. எவ்வளவு நல்ல பனுவலில் மூழ்கினாலும் இது தானாக ஒட்டாது. இதற்குத் தினமும் பத்து நிமிடம் தனியே சொல்வதெழுதல் வேண்டும். சொற்களை மட்டும் அந்த வாரப் பனுவலிலிருந்தே எடுக்கலாம். சேர்ப்பதா பிரிப்பதா என்ற கேள்விக்கு என் கோடு இதுதான்: காதுக்குக் கேட்கும் இலக்கணத்தைச் சேர்த்து நடத்தலாம், கேட்காத எழுத்து வேறுபாட்டைத் தனியே பழக்க வேண்டும்.

வெளியூர் அனுபவம்

அமெரிக்காவில் கென் குட்மன் 1967-இல் எழுதிய கட்டுரையை ஒட்டி வளர்ந்த முழுமொழி அணுகுமுறை, பிள்ளைகள் பொருளை ஊகித்தே வாசிக்கக் கற்பார்கள் என்று நம்பியது. 2000-இல் வந்த தேசிய வாசிப்புக் குழு அறிக்கை, எழுத்தையும் ஒலியையும் முறைப்படி கற்பிப்பது தொடக்க வாசகருக்கு உதவுகிறது என்றது. முழுமை பேசுபவர்களுக்கு இது அடிதான். மறுபக்கம், 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான எழுத்துக் கற்பித்தல் ஆய்வுகளை 2007-இல் திரட்டிப் பார்த்த ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும், இலக்கணத்தைத் தனியே நடத்துவதால் மாணவர் எழுத்து மேம்படவில்லை என்று கண்டனர். சுருக்கி எழுதுதல், திட்டமிட்டுத் திருத்தி எழுதுதல், சிறு வாக்கியங்களை இணைத்தல் ஆகியவை பலன் தந்தன. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள், நம் புணர்ச்சிச் சிக்கல் அவர்களுக்கில்லை. என்றாலும் வாக்கியம் இணைக்கும் பயிற்சியை நம் வகுப்பில் வைத்துப் பார்த்தால் எச்சங்கள் தாமாக வந்து நிற்கின்றன: 'பாட்டி எழுந்தார். பெரட்டுக்குப் போனார்' என்பது 'எழுந்து போனார்' ஆகும்போது வினையெச்சப் பாடம் பாதி முடிந்துவிடுகிறது.

படிவம் 1 முதல் 3 வரை

இங்கே சேர்த்து நடத்துவதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1996 கல்விச் சட்டப்படி 15 மாணவரின் பெற்றோர் கேட்டால்தான் தேசியப் பள்ளியில் தமிழ் வகுப்பு. பல இடங்களில் அது பாட அட்டவணைக்கு வெளியே பிற்பகலில் நடக்கிறது. கிடைக்கிற சில பாடவேளைகளை ஐந்து கூறுகளுக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் கால் வயிறுகூட நிரம்பாது.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சப்பாத்தின் தன்கதையும் வேண்டாம். மாணவர் குறைந்த தோட்டப் பள்ளியைப் பட்டணத்துத் தாமானுக்கு, அதாவது புதுக் குடியிருப்புப் பகுதிக்கு, மாற்றலாமா என்ற கேள்வியைக் கொடுங்கள். தோட்டத்து லய வீடுகளில் இருப்பவர்கள் ஒன்று சொல்வார்கள், தாமானில் குடியேறியவர்கள் வேறொன்று சொல்வார்கள். இருபக்கமும் கேட்டுக் குறிப்பெடுப்பது கேட்டல் பேச்சு. அதைச் சுருக்குவது, வாதங்களை வரிசைப்படுத்தி விவாதக் கட்டுரை எழுதுவது, நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதமாக்குவது என்று மூன்று வாரம் ஓடும். 1950-களில் சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசின் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றத்துக்கு எழுதிப் பழகியவர்களில் பலர் பின்னாளில் எழுத்தாளர்களானார்கள். படிக்க ஒரு வாசகர் இருக்கிறார் என்றால் பிள்ளை பிழையைத் தானே தேடித் திருத்தும்.

மூன்றாவது வழியாகச் சிலர் திட்டப்பணியைச் சொல்வார்கள். நல்லதுதான். எங்கள் ஊரில் அது பெரும்பாலும் மணிலா அட்டை, மினுமினுப்புத் தூள், இணையத்தில் படியெடுத்த நான்கு வாக்கியம் என்று முடிகிறது. தேர்வு முடிந்த வாரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சேர்த்து நடத்த விரும்புபவர் இரண்டு ஏற்பாடுகளை முதலிலேயே செய்துகொள்ள வேண்டும். ஆண்டு 4-லும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களிடம் முழுப் பனுவலை நீட்டுவது கொடுமை. பாட்டி சொன்ன மூன்று வரியே அவர்களுக்கு வாசிப்புப் பாடமாகட்டும், அது அவர்கள் காதுக்குப் பழகிய வரி. இன்னொன்று திருத்தம். கட்டுரை முழுதும் சிவப்பாக்காமல், அந்த வாரம் நடத்திய ஒரே இலக்கணக் கூறையும் ஒரு எழுத்துப்பிழை வகையையும் மட்டும் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்து மீண்டும் எழுதச் சொல்லலாம். மற்றப் பிழைகள் ஏன் விடப்பட்டன என்று பெற்றோர் கேட்பார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது.